அறைவாசலில் மஞ்சள் தண்ணீர்

மச்சாள்,

இன்று காலை வாளித் தண்ணீரில் மஞ்சள் கரைத்து எடுத்துக்கொண்டு அறைவாசலுக்குப் போனேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது.

விசயம் இதுதான். பேத்தி எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைத் தூக்கி வந்து, தன் கட்டிலுக்குக் கீழே இரண்டு நாளாக ஒளித்து வைத்திருக்கிறாள். மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, நாயை அறைக்குள்ளை விடுறதோ இல்லையோ, நீங்களே சொல்லுங்கோ. இந்த வீட்டிலை உங்கடை சட்டம்தானே."

"வெளியிலை விட்டால் அது அழும், அம்மம்மா," என்றாள் பேத்தி. அழுதுகொண்டிருந்தது அவள்தான்.

ஓம், என் சட்டம்தான். கொக்குவிலில் என் ஐயா கல்லால் கட்டி எனக்குச் சீதனமாகத் தந்த வீடு. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பு மறிக்கப்பட்டவள். ஆனால் என் வீட்டு நிலத்தைப் பார்த்து ஒரு குறை சொல்ல நான் யாரையும் விட்டதில்லை. அது உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் கணவர் தெற்கே ஸ்டேசன் மாஸ்டராக இருந்த இடத்திலேயே மோசம் போய், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த கையோடு நீங்கள் கோச்சியில் வந்து எங்கள் ஸ்டேசனில் இறங்கினீர்கள். பிள்ளைகள் இல்லை. ஒரு றங்குப் பெட்டியும் மண்ணிற நாய் ஒன்றும்தான். பெட்டியை உங்கள் தம்பி தூக்கினார். நாயின் கயிற்றை நீங்கள் ஒருவரிடமும் கொடுக்கவில்லை. தம்பியின் வீடு என்றுதான் வந்தீர்கள். வந்த பிறகுதான் அது தம்பி பெண்சாதியின் வீடு என்பது உறைத்திருக்கும்.

"ஜிம்மி அறைக்குள்ளைதான் படுக்கும், பிள்ளை. அவர் இருக்கேக்கையே பழக்கம். கட்டிலுக்குக் கீழை ஒரு சாக்குப் போட்டால் காணும்."

"மாட்டுக்கொட்டில் இருக்கு, மச்சாள். அங்கை ஒரு துளி மழை படாது."

"வைரவற்றை வாகனத்தைக் கொண்டுபோய் மாட்டோடையோ கட்டப் போறாய்?"

"வைரவரும் தன்ரை வாகனத்தைக் கட்டிலுக்குக் கீழை படுக்க விடேல்லை. வெளியிலைதான் நிப்பாட்டி வச்சிருக்கிறார், போய்ப் பாருங்கோ."

"வழக்குப் பேசுற ரெண்டு அப்புக்காத்துமாருக்கும் ஒரு கும்பிடு," என்று உங்கள் தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்று நாங்கள் இருவரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்த நாள்களை எண்ணினால் அதுவும் ஒன்று.

ஜிம்மி உங்களோடு அறைக்குள்தான் படுத்தது. மனுசனை இழந்து வந்தவளோடு நாய்க்காகச் சண்டை பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த அறையில்தான் என் பெட்டகம் இருந்தது. அதற்குள் என் கூறைச் சேலையும் இருந்தது. நாய் மிதித்த படியை அப்படியே விடவும் மனம் வரவில்லை. ஆகவே விடிய நீங்கள் ஜிம்மியோடு கிணற்றடிக்குப் போனதும், மஞ்சள் தண்ணீர் கரைத்து அந்தப் படியில் ஊற்றிக் கழுவுவேன். அதன் பிறகுதான் அடுப்பு மூட்டுவேன்.

நீங்கள் திரும்பி வரும்போது படி ஈரமாக இருக்கும். சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, அதை மிதிக்காமல் தாண்டிப் போவீர்கள். வழுக்கிவிடும் என்ற பயமாக்கும் என்று நினைத்தேன்.

ஒரு நாள் கேட்டீர்கள். "நாள் தவறாமல் கழுவுறாய், பிள்ளை. கை நோகேல்லையோ?"

"பழகின கை, மச்சாள்," என்றேன், பெருமையாக. 'நாய்க்காகத்தான்' என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். அதைச் சொல்லவும் வேண்டுமா என்றிருந்தேன்.

பிறகு அந்தக் காலை வந்தது. என் தங்கைக்குச் சம்பந்தம் பேச உரும்பிராயிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. முதல் நாள் பின்நேரமே ஜிம்மியைக் கொண்டுபோய்க் கிணற்றடி மாமரத்தில் கட்டியது நீங்கள்தான்.

"நாளைக்கு ஆக்கள் வருகினம். நாயைக் கண்டு ஒருத்தரும் முகம் சுளிக்கக் கூடாது," என்றீர்கள். இரவு முழுக்க அது வெளியில்தான் கிடந்தது.

விடிய நீங்கள் வெள்ளைச் சேலையோடு அறையிலிருந்து வெளியே வந்தீர்கள். நான் வாளியோடு நின்றேன். நீங்கள் இரண்டு அடி வைத்ததும் படியில் தண்ணீரை ஊற்றினேன். சத்தம் கேட்டுத் திரும்பினீர்கள். ஈரப்படியைப் பார்த்தீர்கள். மாமரத்தடியில் கட்டிக் கிடந்த ஜிம்மியைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். வந்தவர்கள் பலகாரம் சாப்பிட்டு எழும்பிப் போகும்வரை நீங்கள் குசினியை விட்டு வெளியே வரவே இல்லை.

ஒரு கிழமை கழியவில்லை. மட்டுவிலில் உங்கள் சீதனக் காணியில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு இருக்கப் போவதாகச் சொன்னீர்கள். உங்கள் தம்பி கெஞ்சினார். நீங்கள் கேட்கவில்லை. புறப்படும்போது படலையடியில் என்னிடம் மட்டும், "ஜிம்மியாலை உனக்குக் கரைச்சல்தானே, பிள்ளை. இனி இல்லை," என்றீர்கள்.

நான் அதை நம்பினேன், மச்சாள். நாலு வருசம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். "ஒரு நாய்க்காக என்ரை கல்வீட்டை விட்டிட்டு ஓலைக் கொட்டிலுக்குப் போன மனுசி" என்று. நீங்கள் நல்லநாள் பெருநாளுக்கு வந்தாலும் விறாந்தையோடு நின்று போய்விடுவீர்கள். ரோசம் என்று நினைத்தேன்.

மட்டுவிலில் உங்கள் செத்தவீட்டில்தான் உண்மை தெரிந்தது. அயல்வீட்டுப் பெண் ஒருத்தி, நான் யார் என்று அறியாமல், என் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னாள். "பாவம் இந்த மனுசி. தம்பி பெண்சாதி இவ கால் வச்ச படியை ஒவ்வொரு நாளும் மஞ்சள் தண்ணி ஊத்திக் கழுவிப்போட்டுத்தான் அடுப்பு மூட்டுவாளாம். தாலி இல்லாதவ எண்டு. அவளும் ஒரு பொம்பிளையோ?"

நான் எழும்பி உங்கள் அறைக்குள் போனேன். கட்டிலுக்குக் கீழே நாலாக மடித்த சாக்கு. அதன்மேல் ஜிம்மி, முகமெல்லாம் நரைத்துப்போய்க் கிடந்தது. "ஜிம்மி, வா," என்றேன். என் குரல் அதற்கு மறக்கவில்லை. தலையைத் தூக்கி முதலில் என் கைகளைப் பார்த்தது. பிறகு தலையைக் கீழே வைத்துவிட்டது. அது என்னோடு வரவே இல்லை.

அன்று தொடங்கி உங்களுக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நாய்க்காகத்தான் ஊற்றினேன், மச்சாள், உங்களுக்காக இல்லை. உங்கள் தம்பியிடம்கூட இதை நான் வாய்திறந்து சொல்லவில்லை. அவரும் போய்விட்டார். நான் சொல்வது எல்லாக் காலைக்கும் பொருந்துகிறது. ஜிம்மி மாமரத்தடியில் கட்டிக் கிடந்த அந்த ஒரு காலைக்கு மட்டும் பொருந்தவில்லை. அன்று நான் எதைக் கழுவினேன்? பழகின கை என்று சொல்லிப் பார்க்கிறேன். அப்படியென்றால், நீங்கள் குசினியிலேயே நின்றபோது எனக்கு ஏன் ஆறுதலாக இருந்தது? தங்கையின் சம்பந்தம் நல்லபடி முடிய வேண்டுமே என்ற நினைப்பு அந்த வாளிக்குள்ளும் கரைந்திருந்ததோ? இதற்கு விடை சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். எனக்கே தெரியவில்லை.

பகலில் தனியாக இருக்கும்போது சீமெந்து நிலத்தில் நகம் உரசி நடக்கிற சத்தம் கேட்கும். அறைவாசல் வரை வரும். படியோடு நின்றுவிடும். மகளிடம் சொன்னால் காது பழுதாகிவிட்டது என்பாள். அதனால் சொல்வதில்லை.

இன்று பேத்தியிடம், "குட்டி உள்ளுக்கே கிடக்கட்டும்," என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னை நம்பாமல் பார்த்தாள்.

மகள் திகைத்துப்போனாள். "சரி, அப்ப நான் படியை எண்டாலும் கழுவிவிடுறன்," என்று வாளிக்குக் கை நீட்டினாள். என்னைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. வாளியை நான் கொடுக்கவில்லை. கிணற்றடிக்குக் கொண்டுபோய் மாமரத்தடியில் ஊற்றினேன்.

படி காய்ந்துதான் கிடந்தது, மச்சாள். மத்தியானம் குட்டியைப் பார்க்க அறைக்குள் போனேன். சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, மிதிக்காமல், தாண்டித்தான் போனேன்.