டோக்கன் கொடுத்தவள் உண்மையில் சொன்னது

அம்மா,

இன்று காலை பள்ளி ஆபீசில் பிள்ளைகளின் ஐ.டி. கார்டுகளுக்கு லேமினேஷன் போட்டோம். மெஷின் சூடேறிப் பிளாஸ்டிக் இளகத் தொடங்கியதும் வாசனை அறை முழுக்கப் பரவியது. உடன் வேலை செய்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உன் சேலையின் வாசனைகூட மறக்கத் தொடங்கிவிட்டது. இந்த வாசனை மட்டும் உன்னை அப்படியே கொண்டுவந்து நிறுத்துகிறது.

மைசூர் அக்ரஹாரத்து ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாய். சிமெண்டில் வெடித்த கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துவிட்டுத்தான் காகிதத்தை நீட்டுவாய். ரேஷன் கார்டு, அப்பாவின் வோட்டர் ஐ.டி., பிறகு என் மார்க்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. நாம் இருந்தது கட்டட வேலை நடக்கும் இடத்துத் தகரக் கொட்டகை. எந்த மழைக்கு எங்கே ஒழுகும் என்று தெரியாது. "நனைஞ்சு போச்சுன்னா முடிஞ்சுது சாமி, அப்புறம் ஒருத்தனும் நம்மள நம்பமாட்டான்" என்பாய்.

முதன்முதலில் நீ அப்படிச் செய்தது, மைசூருக்கு வரும் முன்பே ஊரில், என் தடுப்பூசி கார்டுக்கு. ஒன்றரை வயது ஊசி போட்ட கையோடு கொண்டுபோய் லேமினேஷன் செய்துவிட்டாய். அதற்குப் பிறகு போட வேண்டிய ஊசிகளுக்கான கட்டங்கள் பிளாஸ்டிக்குக்கு அடியில் காலியாகவே இருந்தன. அதன்மேல் எந்தப் பேனாவும் எழுதாது என்று உனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்தக் கார்டைப் பற்றி உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். நீ சாகும்வரை அதைத் திருத்தவில்லை.

நான் ஒன்றாம் வகுப்பு. விஜயநகரில் அப்பா சென்ட்ரிங் வேலை செய்த கட்டடம். கழற்றிப் போட்டிருந்த பலகையில் ஏறினேன், ஆணி உள்ளங்காலில் இறங்கியது. பெரிய காயம் இல்லை. பக்கத்துக் கொட்டகை அக்கா எண்ணெய்த்துணியைச் சுட்டு ஒத்தடம் கொடுக்க வந்தாள். நீ அவள் கையைத் தட்டிவிட்டாய். அன்னூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் கம்பி கிழித்த காயத்தைக் கவனிக்காமல் விட்டு, தாடை இறுகிச் செத்ததை நீ நேரில் பார்த்திருந்தாய். "என்ற புள்ளைக்கு வாய் பூட்டிக்கிச்சுன்னா நீ வந்து தெறப்பியா?" என்று கேட்டுவிட்டு, என்னை இடுப்பில் தூக்கி, கார்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பஸ் ஏறி அக்ரஹாரத்துக் கிளினிக்குக்கு வந்தாய்.

கவுண்டரில் டோக்கன் கொடுக்க ஒருத்தி இருந்தாள். இருபது வயசு இருக்கும். உன்னிடம் தமிழில்தான் பேசினாள். "கடைசியா எப்போம்மா ஊசி போட்டீங்க? கார்டு கொண்டாந்தீங்களா?" நீ பெருமையாக எடுத்துக் கொடுத்தாய். அவள் திருப்பிப் பார்த்தாள். மூக்கால் ஒரு சத்தம் வந்தது, அப்புறம் சிரிப்பு. எழுந்து நின்று கார்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, பெஞ்சில் இருந்தவர்களிடம் கன்னடத்தில் சொன்னாள்: "நோட்ரி இல்லி, லேமினேஷன் மாட்ஸ்பிட்டிதாளெ! இன்னு எல்லி பரியோது, இவள் ஹணெ மேலா?"

இங்கே பாருங்கள், லேமினேஷன் செய்து வைத்திருக்கிறாள், இனி எங்கே எழுதுவது, இவள் நெற்றியிலா? இதுதான் அம்மா அவள் சொன்னது.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மைசூருக்கு வந்து அப்போது உனக்கு இரண்டு வருடம்கூட ஆகவில்லை. கன்னடம் உன் காதில் ஏறாது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று நீயும் சிரித்தாய். நான் படித்தது கன்னடப் பள்ளியில். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

உள்ளே டாக்டர் ஒன்றும் கேட்காமல் டி.டி. ஊசி போட்டு அனுப்பினார். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாய்: "ஏஞ்சாமி, அந்தப் புள்ள கார்டைத் தூக்கிக் காட்டி என்னமோ சொல்லுச்சே, என்னன்னு?"

"கார்டை எவ்வளவு நல்லா வெச்சிருக்காங்க பாருங்கன்னு சொன்னாங்கம்மா."

உன் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொன்னாய்! மேஸ்திரியிடம், பக்கத்துக் கொட்டகை அக்காவிடம், ஊரிலிருந்து வந்த மாமாவிடம். "ஆஸ்பத்திரிக்காரப் புள்ளையே எந்திரிச்சு நின்னு காட்டுச்சாக்கும்." ஒவ்வொரு முறை நீ சொல்லும்போதும் நான் குனிந்துகொள்வேன். கூச்ச சுபாவம் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்தச் சிரிப்பை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். பட்டம் வாங்கிய நாளில்கூட மேடையில் ஏறும்போது, அவள் எங்கேயாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இந்த ஜூன் மாதம் அவள் நான் வேலை செய்யும் பள்ளிக்கே வந்தாள். யு.கே.ஜி.யில் மகளைச் சேர்க்க. சேர்க்கை பாரம் எழுதிக்கொண்டே யாரிடமோ பேசிச் சிரித்தாள், முதலில் மூக்கால் ஒரு சத்தம். என் கை நின்றுவிட்டது. அவளே சொன்னாள், "கல்யாணத்துக்கு முன்னாடி அக்ரஹாரத்துல ஒரு கிளினிக்ல டோக்கன் குடுத்துட்டு இருந்தேன் மேடம்." என்னை மேடம் என்றாள். நான் தலையாட்டிவிட்டு முத்திரை குத்தினேன்.

போன மாதம் எனக்கு நேரம் வாய்த்தது. பெற்றோர் கூட்டத்து நாள். அவள் மகள் கேட்டின் தகர விளிம்பில் முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். சின்னக் கீறல், கொஞ்சம் துரு. ஆயா சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். அடிபட்ட பிள்ளையை வெளியே அழைத்துப்போக ஒரு பாரம் உண்டு. கடைசித் தடுப்பூசி எப்போது என்று அதில் ஒரு வரி. அவசரத்தில் வருகிறவர்களை நாங்கள் விட்டுவிடுவோம், மறுநாள் எழுதிக் கொடுப்பார்கள். அன்று நான் பேனாவை அவள் முன்னால் வைத்தேன்.

"தேதி எழுதுங்க."

"அது... கார்டு மாமியார் வீட்டுல இருக்கு மேடம். கொஞ்சம் பேகா, சீக்கிரம் விடுங்க, ஊசி போடணுமில்ல?"

"தேதி இல்லாம விட முடியாதுங்க."

"ஞாபகம் இல்ல."

"சத்தமா சொல்லுங்க, கேக்கல."

வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவள் இன்னொரு முறை சொன்னாள். பின்னாலிருந்து ஒரு அப்பா, "பெத்த புள்ளைக்கு ஊசி எப்போ போட்டோம்னு கூடவாம்மா தெரியாது?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். "அப்போ தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றேன். காது வரை சிவந்துபோய் எழுதினாள். குழந்தை பெஞ்சில் உட்கார்ந்து "அம்மா, எரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஊர், பேர், நேரம், சாட்சி என்று கால் மணி நேரம் இழுத்தேன். என் குரல் ஒருமுறைகூட நடுங்கவில்லை. அன்று மதியம் சித்ரான்னத்தை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் குழந்தை வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

அன்று அவள் ஸ்கூட்டர் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் திரும்பவில்லை, வீட்டுப் பக்கம்தான் திரும்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தேன். அப்போது சந்தோஷமாக இருந்தது. அவமானத்தில் ஊசியை மறந்திருந்தால்? ஆயாவிடம் கேட்டேன். "அய்ய, பூனை கீறுன மாதிரி மேடம், அதுக்குப் போயி" என்று போய்விட்டாள். துருப்பிடித்த தகரம், மண், அந்தக் கொத்தனார். நீ சொன்ன கதை என் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

திங்கட்கிழமை குழந்தை வந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒரு காரணமும் இல்லாமல் வகுப்புக்குள் போய் நின்றேன். சப்பாத்தியை மெல்லுவதைப் பார்த்தேன். "ஆ காட்டு கண்ணா" என்றேன். வாயை அகலத் திறந்து, பாதி மென்ற சப்பாத்தியோடு, காட்டினாள். டீச்சர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஆனால் இந்த நோய் உடனே வந்துதான் ஆக வேண்டும் என்று இல்லையே, வாரக்கணக்கில்கூட ஆகும் என்று படித்திருந்தேன். தினமும் போனேன். எனக்கு ஆணி குத்தியபோது நீயும் காலையில் எழுந்ததும் என் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய், அது நினைவுக்கு வந்தது.

கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் அவளிடம் போய்க் கேட்பது உன்னை இரண்டாவது முறை அந்தக் கவுண்டரில் நிறுத்துவது போல இருந்தது. நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் ரெஜிஸ்டரில் நம்பர் பார்த்து போன் செய்தேன்.

"மகளுக்கு ஊசி போட்டீங்களா?"

"அன்னைக்கே போட்டாச்சு மேடம்." சிரித்தாள். "நீங்க அப்படிக் கேட்டீங்கன்னு கோவம் வந்து, நேரா மாமியார் வீட்டுக்குப் போய் கார்டை எடுத்தேன். பாத்தா, அஞ்சு வயசு ஊசி விட்டே போயிருக்கு! அதோட சேத்துப் போட்டாங்க. ரெண்டு நாள் ஜுரம், அதான் அனுப்பல. நீங்க கேக்கலைன்னா தெரிஞ்சே இருக்காது. ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

அம்மா, பதினெட்டு வருடம் சேர்த்து வைத்ததைக் கொட்டினேன், அவள் நன்றி சொல்கிறாள். போனை வைத்திருக்கலாம். முதல்முறையாக எனக்கு வாய் வந்தது. அந்தக் கிளினிக், லேமினேஷன் செய்த கார்டு, இடுப்பில் பிள்ளையோடு வந்த ஒரு சித்தாள், நெற்றி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அய்யோ, அங்க தினம் எவ்வளவோ பேர் வருவாங்க மேடம். சும்னெ, சும்மா தமாஷுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். யாரு அது, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"எங்க அம்மா" என்றேன்.

அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள். நான் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆபீஸ் பக்கம் அவள் வருவதில்லை. கேட்டிலேயே மகளை இறக்கிவிட்டுப் போகிறாள். குழந்தை மட்டும் என்னைப் பார்த்தால் தானாகவே வாயைத் திறந்து காட்டிவிட்டு ஓடுகிறது. அந்தக் குழந்தைமேல் எனக்கு ஒன்றும் இல்லை. அவள் அம்மாவை மன்னிக்கச் சொன்னால் மாட்டேன். உனக்கு அது தெரியவே தெரியாது. டோக்கன் கொடுத்தவளுக்கு அது நினைவே இல்லை. அந்தப் பெஞ்சு சிரித்தது இந்த உலகத்தில் இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. நானும் விட்டுவிட்டால் உனக்கு அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். அதனால் விடப்போவதில்லை, அம்மா.