மாடியில் வாய் திறக்காத அலாரம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் இடது புருவம் மட்டும் நலமில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது.

புருவக் கதைக்கு வருகிறேன். நம் மாடிக்குக் குடிவந்த தையல்காரம்மாவைப் பற்றிப் போனில் சொன்னேனே, அவர் வீட்டுப் புகை அலாரம் பேட்டரி தீர்ந்து கீச்கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர்தானே மாத்தணும் என்று அவர் கேட்க, குடியிருக்கறவங்கதான் மாத்திக்கணும் என்று அப்பா சொல்ல, இரண்டு பேரும் வீம்பு பிடித்ததில் அந்த அம்மா பேட்டரியையே பிடுங்கிப் போட்டுவிட்டார். சத்தம் நின்றதும், பாத்தியா தானா சரியாயிடுச்சு என்று அப்பாவுக்குப் பெருமை வேறு.

போன செவ்வாய்க்கிழமை அந்த அம்மா தைக்க வந்த ஒரு கோட்டுத் துணியின் மேல் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் பின்னறையில் ஒருவருக்கு அளவெடுக்கப் போயிருக்கிறார். அலாரம் வாயே திறக்கவில்லை. துணி காயப்போட வந்த நான்தான் மாடி ஜன்னலில் புகையைப் பார்த்துக் கத்தினேன், ஓடிப்போய் கரண்ட் மெயின் சுவிட்சை அணைத்தேன். முன்னறை முழுக்கப் புகை, அதனால் அவர்கள் பின்படிக்கட்டுக்கு ஓட, அங்கே வழியை அடைத்துக்கொண்டு அப்பாவின் உடற்பயிற்சி சைக்கிள். நாளைக்கு மிதிக்கிறேன் என்று நீ காலேஜ் போன காலத்திலிருந்து சொல்கிறாரே, அதேதான். அளவு கொடுக்க வந்தவர் நல்ல உடம்புக்காரர், தாண்டுகிறேன் பேர்வழி என்று சீட்டில் மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கமும் இறங்க முடியாமல் இந்தப் பக்கமும் வர முடியாமல், பதற்றத்தில் பெடலை மிதித்துக்கொண்டிருந்தார். வாங்கிய நாளிலிருந்து அதை மிதித்த முதல் ஆள் அவர்தான்.

அப்பா தீயணைக்கும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு முன்பக்கமாக ஏறினார். ஆனால் அதில் எழுதியிருப்பதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினார். பிறகு நிஜமாகவே எரிகிறதா என்று குனிந்து பார்த்தார், புருவம் அங்கேதான் போனது. அப்புறம் அடித்தார் பார், நெருப்பும் அணைந்தது, அறையே மாவு மில் மாதிரி ஆயிற்று.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் அன்று ராத்திரி மூன்று தடவை எழுந்துபோய்ப் புகை வாசனை வருகிறதா என்று பார்த்தேன். எல்லோரும் தூங்கும்போது பிடித்திருந்தால் என்னாவது. தையல்காரம்மா படியில் உட்கார்ந்து, பேட்டரியைக் கழட்டினது நான்தான் சார் என்று அழுதார். சைக்கிளை வச்சது நான்தாம்மா என்றார் அப்பா. அதற்குமேல் சண்டை போட இருவரிடமும் சரக்கு இல்லை. புது அலாரம் அப்பா மாட்டிவிட்டார், வாராவாரம் பட்டனை அமுக்கிச் சத்தம் வருகிறதா என்று பார்ப்பது தையல்காரம்மா பொறுப்பு. சைக்கிளை அந்த உடம்புக்காரருக்கே கொடுத்தாயிற்று, மனுஷன் மறுக்கவும் முடியாமல் எடுத்துப் போனார்.

உன் அறையில் அலாரம் வேலை செய்கிறதா, வெளியே ஓட இன்னொரு வழி இருக்கிறதா என்று உடனே பார். தீங்கு ஒன்றும் அண்டாமல், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு கண்ணே. அலாரம் வேலை செய்யாவிட்டால், உனக்கு அறையை வாடகைக்கு விட்டவரிடம் மாட்டித் தரச் சொல்லிக் கேட்க மறக்காதே. அவளுக்குக் கூச்சமா இருந்தா நானே பேசறேன், அந்த ஆள் நம்பரை அனுப்பச் சொல்லு என்று அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதற்குப் பயந்தாவது நீயே கேட்டுவிடு.

இப்படிக்கு
உன் அம்மா