தாக்கோல் மாத்திரை

மைனி,

இன்று காலை பூவார் சந்தையில் மீன் கூடையை இறக்கி வைத்தபோது, இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி வந்து நின்றாள். குழந்தையின் கழுத்து மடிப்பில் பவுடர் அப்பியிருந்தது. அந்த வாசனை வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அயலை கேட்டவளுக்குச் சாளையை அள்ளிப் போட்டேன். உங்கள் வலது கைதான் கண்ணுக்குள் நின்றது.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து என் நாக்கையே பொறுத்துக்கொண்டவர்தானே நீங்கள்.

தொண்ணூறுகளில், அண்ணன் வள்ளத்துக்கு இஞ்சின் வாங்கின சமயம் உங்களுக்கு வாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. முதலில் துணி மாதிரி தொங்கிய கை, இரண்டு மூன்று மாதத்தில் இறுகத் தொடங்கியது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் உள்ளே சுருண்டு, நகம் உள்ளங்கையைக் கிழித்தது. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, துடைத்து, பவுடர் போடுவேன். நீங்கள் வலியில் கத்துவீர்கள்.

"அண்ணன் சம்பாத்தியத்தை எல்லாம் இதுக்குள்ளயா பூட்டி வச்சிருக்கீங்க? திறங்க மைனி, பாத்துட்டுத் தாறேன்" என்பேன்.

"எட்டி, உனக்கு நாக்குல வாதம் வந்தா ஊரு பிழைக்கும்" என்று வலிக்கு நடுவிலும் சிரிப்பீர்கள்.

நெய்யாற்றங்கரை டாக்டர்தான் அந்த வெள்ளை மாத்திரையை எழுதித் தந்தார். பாக்லோபென் என்று மருந்துக்கடைக்காரர் வாசித்துச் சொன்னார். என் வாயில் அது நுழையவில்லை. நாளுக்கு மூன்று வேளை. பாதியில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். நிறுத்துவதானாலும் மெல்ல மெல்லத்தான். "பெட்டென்னு நிர்த்தருது, கேட்டோ" என்று மலையாளத்தில் என்னைப் பார்த்து இரண்டு தரம் சொன்னார். சட்டென்று நிறுத்தக் கூடாது. நான் தலையாட்டினேன். ஏன் கூடாது என்று கேட்கவில்லை.

முதல் வாரம் தூங்கி வழிந்தீர்கள். விறைப்பு விட்ட கால் குழைந்துபோய் நிற்கவே முடியவில்லை. டாக்டர் அளவைக் குறைத்தார். ஒரு மாதம் போனபோது கை இறங்கியது. ஒரு நாள் நான் தொட்டதும் விரல்கள் தானாக விரிந்தன. அந்த உள்ளங்கையை நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள், காணாமல் போன ஆள் வீடு திரும்பி வந்ததைப் போல. அன்றைக்குத்தான் அதற்குத் தாக்கோல் மாத்திரை என்று பேர் வைத்தேன். பூட்டிய கையைத் திறக்கிற சாவியல்லவா. "எட்டி, தாக்கோலைத் தா" என்று நேரம் தவறாமல் நீங்களே கேட்பீர்கள்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. ஈஸ்டர் வரைக்கும் எதை ஒறுக்கிறோம் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். பிடிக்காததை விட்டால் அது ஒறுத்தல் இல்லை. அண்ணன் பீடியை விட்டார். நான் சாயாவை விட்டேன். உங்கள் முறை வந்தபோது உங்களுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வெத்தலை போச்சு. கோயிலுக்கு நடந்து போறது போச்சு. நாக்குல ருசியும் இல்லை. ஆண்டவருக்குக் குடுக்க எனக்கிட்ட என்ன உண்டு?"

உங்களை அழவிட எனக்கு மனசு வரவில்லை. "உண்டே மைனி! தாக்கோல் மாத்திரை உண்டே. இப்போ உங்களுக்கு அண்ணனைக் காட்டியும் இஷ்டம் அதுதானே? அதை விடுங்க" என்றேன். அண்ணன் சிரித்தார். நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தீர்கள். அழுதவரைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்ற பெருமையோடு நான் கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதன்பிறகு நான் உங்கள் இடது கையில் வைத்த ஒரு மாத்திரையும் தொண்டைக்குள் போகவில்லை. எனக்குத் தெரியாது. இரண்டே நாளில், வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்து பார்த்தால், கை மறுபடி நெஞ்சில் ஒட்டியிருந்தது. உடம்பு கொதித்தது. நீங்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எட்டி, சுவரு நிறைய சாளை துள்ளுது பாரு."

நான் சிரித்தேன் மைனி. நீங்கள் விளையாடுகிறீர்கள் என்று நினைத்தேன். "அப்போ பிடிச்சுக் கூடையில போடுங்க, நான் வித்துட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு, காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்கப் போனேன். உலை கொதிக்கும் முன்னே கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. உங்களுக்கு வலிப்பு.

அண்ணன் கடலில் இருந்தார். ஜீப்பில் என் மடியில் கிடந்தபோது ஒரு தடவை தெளிந்தீர்கள். "வேளை தவறாம மாத்திரை தந்தேனே மைனி, பிறகு ஏன் இப்படி?" என்று நான் புலம்பினேன்.

"தலைமாட்டு மாதா படத்துக்குப் பின்னால இருக்கு" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "நீதானே எட்டி சொன்ன. நல்ல யோசனையாக்கும்."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எத்தனை நாள் நின்றது என்று மட்டும் கேட்டார். மாத்திரையைக் கரைத்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வலிப்பு அடங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். வீட்டுக்கு வந்து படத்தை நகர்த்தினேன். நான் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரங்களில் ஒளித்து வைத்தவை, ஆறு மாத்திரைகள், ஒரு காகிதத்தில் மடித்து இருந்தன.

மாத்திரையை நீங்களாக நிறுத்தியதை அண்ணனிடம் சொன்னேன். ஜீப்பில் நீங்கள் சொன்னதைச் சொல்லவில்லை. அன்றைக்கு என்னோடு சேர்ந்து அவரும் சிரித்தாரே, மைனி.

என் வாய் இன்னும் ஓயவில்லை. ஆனால் எந்தக் கேலி சொன்னாலும், பின்னாலேயே "சும்மா சொன்னதாக்கும்" என்று சேர்த்துவிடுகிறேன். தமாசையும் சொல்லி அதுக்குச் சீட்டும் ஒட்டுறா என்று சந்தையில் பரிகாசம் செய்கிறார்கள். செய்யட்டும்.

போன வாரம் அண்ணனுக்குக் கஞ்சி ஊற்றும்போது, "இந்தப் பல்லில்லாத வாய்க்கு இன்னொரு பெண்ணு பாக்கட்டா?" என்று கேட்டுவிட்டேன். உடனே, "சும்மா சொன்னதாக்கும் அண்ணே" என்றேன்.

"அது தெரியாமலா எட்டி?" என்று சிரித்தார். "நீ சொல்லுறதை எல்லாம் யாரு நெசமுன்னு எடுப்பா?"

நான் கஞ்சிச் சட்டியைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.