மே என்றால் மேற்கு

ஜூன் 3

குளிரறையைக் காலி செய்ய உத்தரவு. பழைய சேற்றுக் குழாய்களை மாத இறுதிக்குள் கழித்துவிட வேண்டுமாம். கீழே ஆய்வு நிலையத் தலைவரின் கையெழுத்து. தலைவர் என் மனைவியின் அண்ணன். ஒரு காலத்தில் என் நண்பன். பத்தொன்பது வருடமாக எங்களுக்குள் பேச்சு கோப்பில் மட்டும். நான் அவருக்கு 'தலைவர்', அவருக்கு நான் 'ஆய்வாளர்'.

பட்டியலில் மூன்றாம் குழாயும் இருக்கிறது. வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார். வேறென்ன?

ஜூன் 4

 அவரும் நானும் சேர்ந்துதான் ஏரியடிச் சேற்றை அடுக்குக் கலையாமல் எடுக்கக் குழாய் இறக்கினோம்; ஆழம் போகப் போகப் பழைய காலம். கிழக்குக் கரையில் இரண்டு, மேற்குக் கரையில் ஒன்று. சேற்றில் நன்னீர்ப் பஞ்சுயிரிகளின், ஏரியடியில் பஞ்சு போல ஒட்டி வாழும் உயிர்களின், நுண்ணிய முட்கள் கிடக்கும். உடல் மக்கிப் போனாலும் அந்தக் கண்ணாடி முட்கள் மக்குவதில்லை. ஆண்டு முழுதும் தண்ணீர் நின்ற காலமென்றால் நீண்ட ஊசிகள் மட்டும். கோடைதோறும் ஏரி வற்றிய காலமென்றால், பஞ்சுயிரி விதை போன்ற உருண்டைகளை விட்டுச் சாகும்; அந்த உருண்டைகளின் ஓட்டிலுள்ள குட்டி முட்கள், இரு முனையிலும் சக்கரம் வைத்தவை, சேற்றில் குவியும்.

கிழக்குக் குழாய்கள் சொன்ன கதை: முதலில் நிறைந்த ஏரி, பிறகு வறட்சி. என் மூன்றாம் குழாய் நேரெதிராகச் சொன்னது. மேற்குக் கரைக்குத் தனி வரலாறு உண்டு என்றேன். எட்டு மாதம் உட்கார்ந்து ஐயாயிரம் முட்களை எண்ணியவன் சொன்னேன். அவர் கட்டுரையில் அதற்கு ஒரே வரி: 'மூன்றாம் குழாய் கணக்கில் கொள்ளப்படவில்லை.'

அவர் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மனைவியையும் போகவிடவில்லை.

ஜூன் 9

குழாயைக் கேட்டுக் குறிப்பு அனுப்பினேன். 'அனுமதிக்கப்படுகிறது.' ஒரே சொல். கிடங்குக்காரர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு சேத்தை வச்சிக்கிட்டு என்ன சார் பண்ணப் போறீங்க? தொட்டிச் செடிக்கா?"

"ஒருத்தர் மூஞ்சில பூச."

"அப்போ இது பத்தாது சார்."

ஜூன் 12

குழாயை அன்று நெடுக்காக இரண்டாக அறுத்தோம். ஒரு பாதியில்தான் நான் முள் எண்ணியது. மறுபாதியை இன்றுதான் பிரித்தேன். மேல், கீழ் என்று துண்டுச்சீட்டு வைத்து, பழைய வழக்கப்படி ஒரு துளி சேற்றை நாக்கில் வைத்துப் பார்த்தேன். பல்லில் நறநறத்தால் மணல், வழவழவென்றால் களிமண். இதைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதையும் எழுதி வைக்கிறேன், எனக்கு நேர்மை இல்லை என்று யாரும் சொல்லக்கூடாது.

ஜூன் 13

அடிமுனையில், ஒன்பதாயிரம் வருடப் பழமை என்று நான் எழுதிய இடத்தில், நீல நைலான் நூல். விரல் நீளம். மீன்வலை நூல்.

மேலிருந்து விழுந்திருக்குமோ? இல்லை. சேற்றுக்குள் பதிந்து கிடக்கிறது. பக்கத்தில் மக்காத புல்வேர் வேறு.

ஜூன் 14

குழாய் முனையில் அன்று மாட்டியிருந்த மூடியைத் தேடி எடுத்தேன். ஒட்டுநாடாவில் 'மே'. மேல். அதை வைத்துத்தானே அந்த முனையை மேல் என்றேன்?

பழைய களக் குறிப்பேட்டைப் பிரித்தேன். கி-1, கி-2, மே-3. கிழக்கு, கிழக்கு, மேற்கு.

படகில் கைக்கு எட்டிய மூடியில் 'மே' என்று ஒட்டியிருக்கிறேன். பிறகு ஆய்வகத்தில் அதை மேல் என்று படித்திருக்கிறேன். எழுதியது யார்? நான். படித்தது யார்? நான்தானே. குழாய் தலைகீழ். திருப்பி வைத்தால் மூன்றும் ஒரே கதை.

பத்தொன்பது வருஷமா நான் தலைகீழா நின்னுக்கிட்டு...

ஜூன் 15

எழுதவில்லை.

ஜூன் 16

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அண்ணன் ஒரு தடவை கேட்டாரு. குழாயைத் திருப்பிப் பாத்தானான்னு."

"ஏன் எங்கிட்ட சொல்லலே?"

"சொல்லியிருந்தா அன்னைக்கு இந்த வீட்டுல தட்டு பறந்திருக்கும்."

மடித்த துணியில் பாதியைப் பெட்டியில் வைத்தாள். "ரெண்டு நாள் அண்ணன் வீட்டுல இருந்துட்டு வரேன். அந்தப் பொண்ணோட கல்யாண ஆல்பத்தையாவது பாக்கணும்."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த முகம் இருக்கிறது?

ஜூன் 17

தலைவருக்குக் குறிப்பு: 'மூன்றாம் குழாய் தலைகீழாகக் குறிக்கப்பட்டது. பிழை என்னுடையது.' மூன்று முறை கிழித்து எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லுக்குக் கை வரவில்லை.

ஜூன் 20

கோப்பு திரும்பவில்லை. அவளும்.

ஜூன் 24

கோப்பு வந்தது. 'பார்த்தேன்.' தேதி, கையெழுத்து. அவ்வளவே.

ஜூன் 26

கிழங்கைப் பொரிக்கலாம் என்று சோளமாவைத் தேடினேன். ஒரே அளவில் இரண்டு டப்பா, இரண்டிலும் வெள்ளைத் தூள், இரண்டிலும் என் கையெழுத்தில் 'சோ'. சோளமாவு ஒன்று, சோடா உப்பு ஒன்று. எது எது? இடப்பக்கம்தான் சோளமாவு என்று தோன்றியது. கரண்டியை எடுத்தவன், கீழே வைத்துவிட்டுப் போன் செய்தேன்.

"எழுதினது நீங்கதானே?" என்றாள்.

"ஆமா. அதான் கேக்குறேன்."

அந்தப் பக்கம் திரும்பி யாரிடமோ சொல்கிறாள். பிறகு தூரத்திலிருந்து ஒரு குரல், வயதாகிப்போன குரல்:

"மாப்பிள்ளையை நாக்குல வச்சுப் பாக்கச் சொல்லும்மா."

வைத்தேன். இடப்பக்கம் சோடா.