கடைசிப் பத்தியை வெட்டியது நான்தான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இந்த வீட்டில் மூன்று பேரும் நலம். மூன்றாவது ஆளும் எட்டுக் காலோடு நலமாக இருந்து நேற்று ஒரு சுவர்க்கோழிப் பூச்சியைப் பிடித்துத் தின்றது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதியைப் படிக்கும்போது உனக்கு நெஞ்சு பதறும். நீயும் நலமென்று நம்புகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று மட்டும் இந்த முறை கேட்கவில்லை, காரணம் பின்னால் வருகிறது.

நீ எங்களிடம் விட்டுப்போன டரான்டுலாச் சிலந்தியை முதல் மாதம் முழுக்க அம்மா உன் அறை வாசலில் நின்றேதான் பார்த்தாள். இப்போது அது அவளுக்குப் பேத்தி. அந்தப் பேத்தி திடீரென்று தீனியை நிறுத்திவிட்டது. வாரம் இரண்டு பூச்சி தின்றுகொண்டிருந்தது, ஐந்து வாரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வயிறு பளபளவென்று கறுத்துக்கொண்டே வந்தது. நான் நோட்டில் தேதி போட்டு 'மறுத்தது' என்று பதினொரு முறை எழுதியிருக்கிறேன். பூச்சி வாங்கும் கடைக்காரரிடம் புலம்பினால், "சார், அது என்ன ஆபீஸா, மணியடிச்சா சாப்பிட?" என்று சிரிக்கிறார். எப்போதாவது பசிக்கும், அப்போது கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று ஒரு சுவர்க்கோழியைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு.

போன வாரத்துக்கு முந்திய செவ்வாய் காலை அம்மா போட்ட சத்தத்தில் பாதிச் சவரத்தோடு ஓடினேன். பேத்தி மல்லாந்து கிடந்தது. "போயிடுச்சுங்க. பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க, என்னால ஆகாது" என்று அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உனக்குச் செய்தியைத் தட்டச்சு செய்துவிட்டேன், மூன்று வரி. ஆனால் இன்னொருவர் உறுதி செய்யாமல் ஒரு சாவை நான் முப்பத்திரண்டு வருடப் பத்திரிகை வேலையில் எழுதியதில்லை. அனுப்பாமல் கடைக்காரரைக் கூப்பிட்டேன். கால் உள்ளே மடங்கிச் சுருண்டிருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்று கேட்டார். விரிந்திருக்கிறது என்றேன். "அப்ப சாகல சார், சட்டை உரிக்குது. தொடாதீங்க, ஊதிப் பாக்காதீங்க. உள்ள பூச்சி கீச்சி இருக்கா?" இருக்கிறது என்றதும் அவர் குரல் மாறிவிட்டது. "ஐயோ, மொதல்ல அதை எடுங்க. இப்ப உங்க ஆளு உடம்பு பஞ்சு மாதிரி. பூச்சி கடிச்சா திருப்பிக் கடிக்கக்கூட முடியாது." சுவர்க்கோழி அதன் பின்னங்காலுக்கு இரண்டு விரல்கடை தூரத்தில் மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. சமையலறை இடுக்கியை எடுத்தேன், தலைகீழாகப் பிடித்தேன். அம்மா எழுந்து, "குடுங்க இப்படி, பேனா புடிச்ச கை" என்று பிடுங்கி, பெட்டிக்குள் கைவிட்டு, முதல் தடவை தப்பவிட்டு, இரண்டாவது தடவையில் தூக்கிவிட்டாள். வாசலுக்கு அப்பால் நின்ற அதே அம்மாதான்.

அதன்பிறகு இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டோம். பத்து இருபதுக்கு முதுகு ஓடு விலகியது. பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒவ்வொரு காலாக உருவி முழுசாக வெளியே வந்துவிட்டது. பழைய தோல் கழற்றிப் போட்ட கையுறைபோல் பக்கத்தில் கிடந்தது. கடிக்கும் பல்கூட வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. அது இறுகிக் கறுக்கும்வரை தீனி கூடாது, தண்ணீர் மட்டும் போதும் என்றார் கடைக்காரர். பன்னிரண்டு நாள் காத்திருந்தோம்.

இதெல்லாம் நீ எழுதித் தந்த மூன்று பக்கக் குறிப்பில் அப்படியே இருக்கிறது. நான்தான் அதை அரைப்பக்கமாக்கிச் சுவரில் ஒட்டினேன். முக்கியமானது மேலே இருக்கும், இடமில்லையென்றால் கீழேயிருந்து வெட்டு, இது எங்கள் தொழில். நீயோ கடைசிப் பத்தியில் எழுதியிருக்கிறாய்: மல்லாந்து படுத்தால் பயப்படாதே அப்பா, தின்னாத பூச்சியை அன்றே எடுத்துவிடு. அம்மா அதைப் படித்துவிட்டு, "ஊரு உலகத்தையெல்லாம் வெட்டினீங்க சரி, பெத்த பொண்ணு எழுதினதையுமா?" என்றாள்.

பாப்பா, நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். காய்ச்சல் என்பதைக்கூடப் பள்ளிக்குச் செருப்பு மாட்டிய பிறகுதான் சொல்வாய். போன மாதம் போனில் வேலை, மழை, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் சொல்லி முடித்து, "அப்புறம் அப்பா..." என்றாய். ஆபீஸில் கூப்பிடுகிறார்கள் என்று நான் வைத்துவிட்டேன். அதிலிருந்து நீ ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறாய், நானும் தினம் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு, யாரோடு என்று சாட்சியை விசாரிப்பதுபோல் விசாரிக்கிறேன். அந்த 'அப்புற'த்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று இனி துருவ மாட்டேன். உனக்குத் தோன்றும்போது சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு. பழைய தோலை உனக்காகப் பஞ்சில் வைத்து டப்பாவில் மூடி வைத்திருக்கிறேன், வரும்போது மறக்காமல் கேள், அம்மா அதை எதிர்வீட்டுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. நீ கூப்பிட்டால், நீ வைக்கும்வரை நான் போனை வைக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா