மேடைத் துணி துவைத்த தண்ணீர்

மாசி 20, செவ்வாய்

எங்கள் கலையரங்கில் ஃபிளெக்ஸ் பேனரை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. மேடைக்குப் பின்னால் இப்போது தறித் துணிதான் கட்டுகிறோம். விழா முடிந்ததும் அதை வெளுத்து, அடுத்த விழாவுக்குப் புதுச் சாயம் ஏற்றுவோம். அந்தத் தண்ணீர் பின்புறக் குழிக்குப் போகும். குழி வெட்டச் சொன்னதும் நான்தான்.

இன்று காலை பின்வீட்டு ராசம்மாக்கா ஒரு பாட்டில் தண்ணீரோடு வந்தார்.

"ஏனுங்க தம்பி, எங்க கெணத்துத் தண்ணி செவப்பா வருது. எருமை மோந்து பாத்துப்போட்டு மூஞ்சியத் திருப்பிக்குது."

போன வாரம் நாட்டிய விழாவுக்குக் கட்டிய துணியின் அதே சிவப்பு. சாயப்பட்டறைக்காரன் மகன் நான். சாயத்தண்ணீர் மண்ணுக்குள் எங்கே போகும் என்று எனக்கா தெரியாது? ஆனால் வாய் வேறு சொல்லிவிட்டது.

"தெக்கால இருக்கற சாயப்பட்டறைல உட்டிருப்பாங்கக்கா."

அவர் கொஞ்சம்கூடச் சந்தேகப்படவில்லை. "அப்ப நாளைக்குக் காத்தால எல்லாரும் பட்டறைக்குப் போறோம். நீங்கதான் முன்னால நின்னு பேசோணும் சாமி. மண்ணு கெடக்கூடாதுன்னு பேனரையே நிறுத்துனவரு நீங்க."

"வாரனுங்க" என்றேன்.

உண்மையைச் சொன்னால் அரங்கில் மறுபடியும் ஃபிளெக்ஸ்தான் ஏறும். சொல்லாவிட்டால் நாளைக்கு அந்தப் பட்டறை வாசலில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்?

பட்டறையில் காட்டுவதற்குப் பத்திரமாக இருக்கட்டும் என்று பாட்டிலை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார். அது இந்த மேசைமேல் இருக்கிறது. வெளியே ஊற்றிவிடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். ஊற்றினால் அதுவும் அந்தக் கிணற்றுக்குத்தான் போய்ச் சேரும்.