சிலிக்கோன் மூலையில் உன் ரேகை

அடியே, இன்று காலை மேசை இழுப்பறையில் ஸ்டேப்ளர் பின் தேடியபோது அது கையில் கிடைத்தது. பிஸ்கட் அளவில், செல்லோ டேப் ஒட்டி மூடிய சிலிக்கோன் துண்டு. டேப்பை உரித்து ஜன்னல் பக்கம் சாய்த்தேன். வெறும் கண்ணாடி மாதிரி கிடந்தது சட்டென்று பச்சை, ஊதா, செம்பு என்று நிறம் மாறிற்று. அதில் ஒரு துளிச் சாயம் இல்லை. தலைமுடியைப் பத்தாகக் கிழித்தால் வரும் அகலத்தில் வரி வரியாகப் பள்ளங்கள், அவ்வளவுதான். காரணம் தெரிந்தால் வியப்பு தீர்ந்துவிடும் என்று யார் சொன்னது? எனக்குத் தீரவே இல்லை.

அந்த வாரம் உனக்கு மறந்திருக்காது. ஒரே சாரிடம் நாம் இருவரும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தோம். நுண்ணிய வரிகள் செதுக்கிய தகடு ஒன்று வெளியூர் ஆய்வகத்திலிருந்து இரவலாக வந்திருந்தது. வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்பியாக வேண்டும். சிலிக்கோன் கூழில் ஹார்ட்னர் என்கிற இறுக்கும் திரவத்தைக் கலந்து அதன்மேல் ஊற்றி, இறுக வைத்து, உரித்தெடுத்தால் முத்திரை கிடைக்கும். உன் ஆய்வே அந்த முத்திரையை நம்பித்தான் இருந்தது. ஆய்வகத்தில் வழக்கமான நீல க்ளவுஸ் தீர்ந்துபோயிருந்தது. நான்தான் நெல்லித்தோப்பு மெடிக்கலில் வெள்ளை ரப்பர் க்ளவுஸ் ஒரு டப்பா வாங்கி வந்து, ஏதோ சாதித்தவள் போல உன் மேசையில் வைத்தேன்.

திங்களன்று ஊற்றினாய். செவ்வாய் காலையில் தொட்டால் பலாப்பிசின் மாதிரி விரலில் ஒட்டியது. சுரண்டித் துடைத்து மறுபடி ஊற்றினாய். புதனும் அதே பிசின்.

"ஹார்ட்னர் ஊத்துனியாடி?"

"ஊத்துனேம்பா. பத்துக்கு ஒண்ணு, எடை போட்டுத்தான் ஊத்துனேன்."

"ஊத்தியிருந்தா ஏன் இப்படி நசநசன்னு இருக்குது?"

அதோடு விட்டேனா? சார் உள்ளே வந்ததும், "இவ ஹார்ட்னர் போட மறந்துட்டா சார்" என்று போட்டுக்கொடுத்தேன். அவர் உன்னை நாலு பேர் எதிரில் வாங்கு வாங்கென்று வாங்கினார். நான் சொன்னது உண்மை என்றே நம்பினேன். அதனால் அப்போது உறுத்தவும் இல்லை.

அன்று மாலை உன் கை மணிக்கட்டு வரை சிவந்து தடித்திருந்தது. "இந்த க்ளவுஸு எனக்கு ஒத்துக்கல, அரிக்குது" என்று கழற்றி வீசினாய். கையை நன்றாகக் கழுவி, புதுக் கிண்ணம் எடுத்து, வெறும் கையோடு கலந்தாய். தகட்டை நகர்த்தும்போது உன் ஆள்காட்டி விரல் அதன் மூலையில் பட்டுவிட்டது. "போச்சு, கை வச்சிட்டியா!" என்று அதற்கும் கத்தினேன். நீ துடைக்காமல் அப்படியே அதன்மேல் கூழை ஊற்றினாய்.

வியாழன் காலை ஓரத்தைக் கத்தியால் கீறி உரித்தாய். ஒரு பிசிறு இல்லாமல், முழுசாக வந்தது. நீ குப்பைக்கூடையில் கிடந்த வெள்ளை க்ளவுஸைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். அந்த ரப்பரில் இருக்கும் கந்தகம் சிலிக்கோனை இறுக விடாது. படித்த விஷயம்தான், இருவர் புத்தியிலும் உறைக்கவில்லை. சார் கேட்டபோது, "கலக்குற விதத்த மாத்துனேன் சார், வந்துடுச்சு" என்றாய். என் டப்பாவைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.

அடுத்த வாரம் முத்திரையில் புரதக் கரைசலைத் தடவிக் கண்ணாடியில் ஒற்றி, அதன்மேல் உயிர்ச்செல்களை விட்டோம். மறுநாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொரு செல்லும் நாம் அச்சடித்த கோட்டைத் தேடிப் பிடித்து, நீண்டு, வரிசையாகப் படுத்திருந்தது. அவற்றுக்கு யார் சொன்னார்கள்? நீ சிலுவை போட்டுக்கொண்டு, "மாதாவே, உசுருக்கே கோடு போட்டுக் குடுத்துட்டோம்டி" என்றாய். மன்னிப்பு கேட்க அதைவிட நல்ல நேரம் ஏது? கேட்கவில்லை.

போன வருஷம் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேனே, ரெட்டியார்பாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து அதைத்தான் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். நர்ஸ் உன் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார். நீ அவர் கையைக் கண்ணால் காட்டி, "பயப்படாத, நீல க்ளவுஸுதான். நீ வாங்கியாந்தது இல்ல" என்றாய். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் சொல்ல வந்தது போயே போச்சு. ஞாயிற்றுக்கிழமை வர்றேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த ஞாயிறு உன்னை மாதா கோயிலில் பெட்டிக்குள் கிடத்தியிருந்தார்கள்.

தகட்டை அந்த வெள்ளியன்றே துடைத்து அனுப்பிவிட்டோம். அதில் உன் விரல் தடம் இல்லை. இன்று காலை முத்திரையின் மூலையில் வாய் வைத்து ஊதினேன். மூச்சின் ஈரத்தில் உன் விரல் ரேகை, சுழி மாறாமல், எழுந்து வந்தது. தகட்டில் நீ விட்ட கைப்பிசுக்கைக்கூட இந்த சிலிக்கோன் விடாமல் பிடித்து வைத்திருக்கிறது! சில நொடியில் மறைந்தது. மறுபடி ஊதினேன். மறுபடி வந்தது.

"க்ளவுஸு நான் வாங்குனதுடி. நீ சரியாத்தான் கலந்த. மன்னிச்சுடு" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் ரேகை மறைந்துவிட்டது.

சார் இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். முத்திரைக்கு டேப் ஒட்டிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். நாளை அவரிடம் போகிறேன். "அவ ஹார்ட்னர் போட மறக்கல சார்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.